நிலையச் சூழல் நடைவசதி

நிலையச் சூழல் நடைவசதி என்பது, தொடருந்து நிலையம், மெட்ரோ நிலையம், பேருந்து முனையம் முதலிய பொதுப் போக்குவரத்து இடங்களைச் சுற்றியுள்ள தெருக்கள் நடந்து செல்வோருக்கு எந்த அளவுக்கு ஏற்றவையாக உள்ளன என்பதைக் குறிக்கும். நகரத் திட்டமிடல், போக்குவரத்துப் பொறியியல் ஆகிய துறைகளில் இது ஆராயப்படுகின்றது. பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் தமது பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் நடந்தே கடக்கின்றனர். எனவே தொடருந்து எவ்வளவு விரைவாக ஓடினாலும், வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட சில நூறு மீட்டர்களைக் கடக்க இயலாவிட்டால், அந்த நிலையம் அவ்வீட்டில் உள்ளோருக்கு இல்லாததற்குச் சமமாகும். முதியோர், சிறுவர், உடற்குறை உடையோர், இருட்டிய பின்னர் தனியே வீடு திரும்பும் பெண்கள் ஆகியோர் இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றனர். சொந்த வண்டி உள்ளவர்கள் இத்தகைய நிலையத்தைக் கைவிட்டு வண்டியிலேயே சென்றுவிடுகின்றனர்.

வட்டமும் உண்மையான தொலைவும்

நகர வரைபடத்தில் நிலையத்தை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் வாழ்வோர் அனைவரும் அந்நிலையத்தால் பயன்பெறுவர் எனக் கணக்கிடுவது வழக்கமாக உள்ளது. பேருந்து நிறுத்தத்துக்கு 400 மீட்டரும், தொடருந்து நிலையத்துக்கு 800 மீட்டரும் பொதுவாக இவ்வட்டத்தின் ஆரமாகக் கொள்ளப்படுகின்றன. ஒருவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பதாகக் கொண்டால், இவை முறையே 5 நிமிட, 10 நிமிட நடைத் தொலைவுகள் ஆகும். பொதுப் போக்குவரத்தை மையப்படுத்திய நகர வளர்ச்சி குறித்து இந்திய நடுவண் அரசு 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசியக் கொள்கையும், நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையான பகுதியை அதன் தாக்கப் பகுதியாகக் கொள்கின்றது.

ஆனால், வீடுகளையும் மதில்களையும் ஊடுருவி நேர்கோட்டில் எவரும் நடக்க முடியாது. தெருக்களின் வழியே 800 மீட்டர் நடந்து அடையக்கூடிய பகுதி வட்டத்தைவிடச் சிறியது. இதனை நடைவீச்சு எனலாம். தெருக்கள் யாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, மிக நெருக்கமாக அமைந்த ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே நடைவீச்சு வட்டமாக இராமல், மூலைகள் நான்கு திசைகளையும் நோக்கிய ஒரு சதுரமாக அமையும். 800 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 2.01 சதுர கிலோமீட்டர். இச்சதுரத்தின் பரப்பளவு 1.28 சதுர கிலோமீட்டர். அதாவது, எல்லாத் தெருக்களும் ஒழுங்காகத் திறந்திருக்கும் ஊரிலேயே வட்டத்தின் 64 விழுக்காட்டுப் பகுதியைத்தான் அடைய முடியும். தண்டவாளத்தின் ஒரு பக்கத்தில் மட்டுமே நிலையத்துக்கு வாயில் இருந்து, மறுபக்கம் செல்லப் பாலமும் இல்லையென்றால் இது 32 விழுக்காடாகச் சுருங்கிவிடும். முட்டுச்சந்துகள், நீண்ட சுற்றுச்சுவர்கள் கொண்ட அரசு வளாகங்கள், கால்வாய்கள், வாயிற்கதவு போட்டு அடைக்கப்பட்ட குடியிருப்புகள் ஆகியவை இதனை மேலும் குறைக்கின்றன. மதிலில் ஒரு சிறு வாயில் திறப்பதால் நிலையத்துக்குக் கிடைக்கும் புதிய பயணிகளைப் பல நேரங்களில் பெருஞ்செலவில் விடப்படும் இணைப்புப் பேருந்துகளாலும் பெற முடிவதில்லை.

தொலைவைப் போலவே காத்திருப்பும் நடையைக் கூட்டுகின்றது. மேற்கண்ட வேகத்தில், அகன்ற சாலை ஒன்றைக் கடக்க 90 நொடிகள் காத்திருப்பது 120 மீட்டர் கூடுதலாக நடப்பதற்குச் சமம். நிலையத்துக்கு எதிரிலேயே வசிக்கும் ஒருவர், இடையில் உள்ள சாலையின் காரணமாக, அடுத்த தெருவில் வசிப்பவரைவிடத் தொலைவில் இருப்பவர் ஆகிவிடலாம்.

இலண்டனில் ஓர் இடம் பொதுப் போக்குவரத்தை எந்த அளவுக்கு எளிதில் அணுகக்கூடியது என்பதை மதிப்பிடும் முறை ஒன்று 1992 இல் உருவாக்கப்பட்டு, பின்னர் நகர் முழுவதற்கும் பயன்படுத்தப்பட்டது. இதில் பேருந்துக்கு 640 மீட்டரும் (8 நிமிடம்), தொடருந்துக்கு 960 மீட்டரும் (12 நிமிடம்) நடை எல்லைகள் ஆகும். இத்தொலைவுகள் தெருக்களின் வழியாகவே அளக்கப்படுகின்றன. ஆயினும் அத்தெருக்கள் நடப்பதற்கு இனியவையா, இருட்டானவையா, நீர் தேங்குபவையா என்பதை இம்முறை கணக்கில் கொள்வதில்லை.

கருத்தின் வரலாறு

தானுந்துகள் பெருகுவதற்கு முன்னர் இத்தகைய கருத்துக்குத் தேவையே இருக்கவில்லை. நிலையத்துக்கு நடந்துதான் வரவேண்டும் என்பதால், குடியிருப்புகள் நடைத் தொலைவிலேயே எழுந்தன. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய மின் டிராம் வண்டிகளும், 1931 இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்மயமான புறநகர்த் தொடருந்துப் பாதையும் இத்தகைய நடையை நம்பியே இயங்கின.

அமெரிக்கத் திட்டமிடலாளரான கிளாரன்சு பெரி 1929 இல் முன்வைத்த அண்டை அலகுக் கோட்பாடு, கால் மைல் நடைத் தொலைவை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அதன் மையமாக அமைந்தது பள்ளியே அன்றி நிலையம் அன்று. ஜேன் ஜேக்கப்சு 1961 இல் வெளியிட்ட அமெரிக்கப் பெருநகரங்கள் பற்றிய நூல், கடைகளும் ஆள்நடமாட்டமும் உள்ள தெருவே பாதுகாப்பான தெரு என வாதிட்டது. நகரங்களில் தானுந்துகளின் பெருக்கம் குறித்துப் பிரித்தானிய அரசுக்காகக் கொலின் புக்கானன் தலைமையில் உருவாக்கப்பட்ட அறிக்கை 1963 இல் வெளியானது. ஓர் இடத்தில் ஒருவர் எவ்வளவு தடையின்றி நடக்க முடிகின்றது என்பதே அவ்விடத்தின் நாகரிகத் தரத்துக்கு நல்ல அளவுகோல் என்னும் கருத்தை அது முன்வைத்தது. நிலையத்தையும் நடைத் தொலைவையும் வெளிப்படையாக இணைத்தவர் பீட்டர் கால்தோர்ப். இவர் 1993 இல் எழுதிய நூலில், நிலையத்தில் இருந்து சராசரியாக 2000 அடி நடைத் தொலைவுக்குள் அமையும் கலப்புப் பயன்பாட்டுக் குடியிருப்புகளைப் பரிந்துரைத்தார்.

அலை அலையான கூட்டம்

நிலையத்துத் தெரு ஏனைய தெருக்களில் இருந்து வேறுபடுவதற்கு முக்கிய காரணம், அங்கு மக்கள் அலை அலையாக வருவதாகும். கடைத்தெருவில் கூட்டம் மெல்லக் கூடி மெல்லக் குறையும். நிலையத்தில், தொடருந்து ஒன்று வந்து நின்றதும் சில நூறு பேர் ஒரே நேரத்தில் வெளியேறுகின்றனர். நெருக்கமான நிலையில், ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 பேர் கடக்கலாம் எனப் பொறியியல் கையேடுகள் கொள்கின்றன. 600 பேர் இறங்கும் நிலையத்தில் வெளியேறும் வழியின் அகலம் 2 மீட்டர் மட்டுமே என்றால், எத்தடையும் இல்லாவிட்டாலும் அவர்கள் வெளியேற 4 நிமிடங்கள் ஆகும். அவ்வழியில் ஒரு மின்கம்பமும் இரண்டு இருசக்கர வண்டிகளும் நின்றால் அகலம் பாதியாகி, நேரம் இரட்டிப்பாகும். அதற்குள் அடுத்த தொடருந்து வந்துவிட்டால், முந்தைய கூட்டத்தின் மீது புதிய கூட்டம் வந்து சேரும்.

இது வசதிக் குறைவு பற்றிய செய்தி மட்டும் அன்று. மும்பையின் எல்பின்சுடன் ரோடு நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைத்த குறுகிய நடைமேம்பாலத்தில், 29 செப்டம்பர் 2017 அன்று காலை நேரக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 20 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது மழை பெய்துகொண்டிருந்ததால் பலர் பாலத்திலும் படிக்கட்டிலும் ஒதுங்கி நின்றிருந்தனர். மேலும் மேலும் வந்த தொடருந்துகள் கூட்டத்தைப் பெருக்கின. முன்னர் ஆலைகள் இருந்த அப்பகுதியில் அலுவலகக் கட்டடங்கள் பெருகியபோதும் பாலம் அதே அகலத்தில் இருந்தது. எல்பின்சுடன் ரோடு நிலையம் 2018 இல் பிரபாதேவி எனப் பெயர் மாற்றப்பட்டது.

நடைபாதையின் அமைப்பு

இந்தியச் சாலைப் பேரவை வெளியிட்டுள்ள பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டியின் 2012 ஆம் ஆண்டுப் பதிப்பு, தடையற்ற நடைபாதையின் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரை மிஞ்சக்கூடாது என்றும் கூறுகின்றது. வணிகப் பகுதிகளுக்கு இதைவிடக் கூடுதலான அகலம் குறிக்கப்பட்டுள்ளது. "தடையற்ற" என்பதே இங்கு முக்கியமான சொல். மரம், மின்பகிர்மானப் பெட்டி, விளம்பரத் தூண், பேருந்து நிழற்குடை ஆகியவற்றைக் கழித்த பின்னர் எஞ்சும் அகலமே கணக்கில் கொள்ளப்படும்.

பல இந்திய நகரங்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடியாகவே உள்ளது. வடிகாலின் தேவைக்கேற்ப அதன் உயரம் அமைவதால், முழங்கால் அளவு உயர்ந்த நடைபாதைகளையும் காணலாம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு வீட்டின் வண்டி வாயிலுக்காகவும் அது இறக்கி ஏற்றப்படுகின்றது. இவ்வாறு பத்து வீடுகளுக்குப் பத்து முறை ஏறி இறங்குவதைவிட, வண்டிகளுக்கு நடுவே தார்ச்சாலையில் நடப்பதே முதியவர்களுக்கு எளிதாகின்றது. நடைபாதை இருந்தும் மக்கள் சாலையில் நடக்கின்றனர் என்ற குற்றச்சாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம். இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்பது நடுவண் அரசின் கணக்கு.

நடைபாதை வணிகரே தடைக்குக் காரணம் எனக் கூறுவது பரவலாக உள்ள கருத்து. இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்வது உண்மையே. எனினும் நிறுத்தி வைக்கப்படும் ஒரு தானுந்து பூக்கடை, பழக்கடை, இளநீர்க் கடை மூன்றுக்கும் போதுமான இடத்தைப் பிடிக்கின்றது. அது பயணிகளுக்குப் பூவோ பழமோ தருவதும் இல்லை. இரவு நேரத்தில் நிலையத்துத் தெருவில் விளக்கும் ஆளும் இருப்பதற்கு இக்கடைகளே காரணமாக அமைவதும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், நகர வணிகக் குழுக்களின் வழியாக விற்பனைக்கு உரிய இடங்களை வரையறுக்க வழிசெய்கின்றது.

நடைபாதை இருந்தால்தான் நடைவசதி உண்டு என்பதும் இல்லை. தோக்கியோவின் பல புறநகர் நிலையங்களைச் சூழ்ந்த தெருக்கள் மிகக் குறுகியவை. அவற்றில் நடைபாதையே கிடையாது. ஆயினும் அவை உலகின் மிக எளிதாக நடக்கக்கூடிய தெருக்களுள் அடங்கும். தெரு குறுகலாக இருப்பதால் வண்டிகள் மெதுவாகவே செல்கின்றன. மேலும் ஜப்பானில் 1962 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தானுந்து வைத்திருப்பவர் அதனை நிறுத்தச் சாலைக்கு வெளியே தமக்கு இடம் உள்ளது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். இதனால் தெருவின் முழு அகலமும் நடப்போருக்குக் கிடைக்கின்றது.

தரையிலா, மேலேயா

சாலையைக் கடப்பதற்கு நடைமேம்பாலம் அமைப்பதா, தரையிலேயே கடவை அமைப்பதா என்பது திட்டமிடலாளரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் விவாதம். பாலத்தின் அடிப்பகுதி சாலையில் இருந்து 5.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டாலே, 150 மில்லிமீட்டர் உயரமுள்ள 37 படிகள் ஏறி, மறுபக்கம் அதே அளவு இறங்க வேண்டும். சுமையுடன் வருபவரும், மூட்டு வலி உள்ளவரும் இதனைத் தவிர்த்துச் சாலையின் குறுக்கே செல்வது எதிர்பார்க்கத் தக்கதே. இத்தகைய பாலங்கள் பாதசாரிக்காகக் கட்டப்படுவதாகக் கூறப்பட்டாலும், தடையின்றிச் செல்லும் நன்மை கீழே செல்லும் வண்டிகளுக்கே கிடைக்கின்றது என்பது இவற்றுக்கு எதிரான வாதம்.

மாறாக, பயணி ஏற்கெனவே உயரத்தில் இருக்கும்போது மேல்நிலைப் பாதை பயனுள்ளது. உயர்மட்ட நிலையத்தில் இறங்குபவர் கீழே இறங்காமலே அடுத்த கட்டடத்தையோ பேருந்து முனையத்தையோ அடைய முடிந்தால் அது அவருக்கு ஆதாயம். நிலத்தின் சரிவும் இதே போன்ற வாய்ப்பைத் தருகின்றது. ஹாங்காங்கில் 1993 இல் திறக்கப்பட்ட நடுவண் பகுதி - மலைச்சரிவு நகரும் படிக்கட்டு, 800 மீட்டருக்கும் மேலான நீளத்தில் ஏறத்தாழ 135 மீட்டர் உயரத்துக்கு மக்களை ஏற்றிச் செல்கின்றது. காலையில் கீழ்நோக்கியும், பின்னர் மேல்நோக்கியும் இது இயக்கப்படுகின்றது.

சிங்கப்பூர் வேறொரு வழியைக் கைக்கொண்டது. அங்குள்ள வெயிலும் திடீர் மழையுமே நடைக்குப் பெரும் தடை என்பதால், 2013 இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்கீழ் விரைவுத் தொடருந்து நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுக்குள் உள்ள பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் முதலியவற்றுக்குக் கூரையிட்ட நடைபாதைகள் தரைமட்டத்திலேயே அமைக்கப்பட்டன. 2018 இல் இத்திட்டம் நிறைவுற்றபோது கூரையிட்ட நடைபாதைகளின் மொத்த நீளம் 200 கிலோமீட்டரை எட்டியிருந்தது. வெயில் மிகுந்த பிற நகரங்களும் இதிலிருந்து கற்கலாம். கூரைக்கு இடமில்லாத தெருவில் மரநிழலே இப்பணியைச் செய்யும்.

சென்னை

சென்னையில் இவ்விடயத்தின் பல முகங்களையும் ஒருங்கே காணக்கூடிய இடம் மாம்பலம் நிலையம் ஆகும். இங்கிருந்து உசுமான் சாலைக்குச் செல்லும் ரங்கநாதன் தெரு, நடைபாதைக்கான எந்த அளவுகோலுக்கும் உட்படாதது. இருப்பினும் பெருங்கூட்டம் அதன் வழியே நாள்தோறும் நடக்கின்றது. பண்டிகைக் காலத்தில் வண்டி நுழைய முடியாத அளவுக்கு மக்கள் நிறைந்துவிடுவதால், சட்டம் எதுவும் இன்றியே அது நடைத்தெருவாக மாறிவிடுகின்றது. கடைக்கு வருபவருக்கு இது பொருத்தமானதே. நிலையத்தில் இறங்கித் தியாகராய நகர்ப் பேருந்து முனையத்துக்கு விரைபவருக்கு அவ்வாறு இல்லை. இதற்காக நிலையத்தையும் பேருந்து முனையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 16 மே 2023 அன்று திறக்கப்பட்டது. 570 மீட்டர் நீளமும் 4.2 மீட்டர் அகலமும் உடைய இதன் செலவு ஏறத்தாழ 28.45 கோடி ரூபாய். அருகில் உள்ள பாண்டி பசாரில், அதாவது தியாகராய சாலையில், 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைவளாகம் இதற்கு எதிரான முறையைச் சார்ந்தது. அங்கே வண்டிகளின் இடம் சுருக்கப்பட்டு, இருபுறமும் தரைமட்டத்தில் அகன்ற நடைபாதைகள் அமைக்கப்பட்டன.

பறக்கும் தொடருந்து என அழைக்கப்படும் திரள் விரைவுத் தொடருந்தின் முதற்பகுதி 1995 இல் கடற்கரை - சேப்பாக்கம் இடையே தொடங்கி, 2007 இல் வேளச்சேரி வரை நீண்டது. இதன் பாதை பெரும்பகுதியும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அமைந்தமையால் நிலம் கையகப்படுத்தும் தேவை குறைந்தது. ஆனால் அதற்கான விலையை நடப்போர் கொடுக்கின்றனர். முதன்மைச் சாலைகளில் இருந்து விலகிய பல நிலையங்களைக் கால்வாயோரச் சந்துகளின் வழியாகவே அடைய வேண்டியுள்ளது. கால்வாயின் மறுகரையில் வசிப்போர் பாலம் உள்ள இடம் வரை சென்று திரும்ப வேண்டும். நிலையக் கட்டடங்களோ மிகப் பெரியவை. ஆள்நடமாட்டம் குறைந்த அவற்றின் கூடங்கள் மாலைக்குப் பின் அச்சம் தருவதாகப் பயணிகள் குறை கூறிவந்துள்ளனர்.

சென்னை மாநகராட்சி 2014 இல் இயந்திரம் சாராப் போக்குவரத்துக்கான கொள்கை ஒன்றை ஏற்று, தனது போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் மிதிவண்டிக்கும் உரிய வசதிகளுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. இத்தகைய கொள்கையை ஏற்றவற்றுள் இந்தியாவில் இது முன்னோடியாகும்.

பொறுப்புப் பிரிவினை

நிலைய வாசலில் முடிவது நிலையத்தின் எல்லை மட்டும் அன்று. அதனைக் கட்டியவரின் பொறுப்பும் அங்கேயே முடிகின்றது. மாம்பலத்தை எடுத்துக்கொண்டால், நிலையம் தென்னக இரயில்வேயையும், தெரு மாநகராட்சியையும், பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தையும், சைகை விளக்குகள் போக்குவரத்துக் காவல்துறையையும் சார்ந்தவை. தெருவின் அடியில் உள்ள குழாய்களும், மேலே உள்ள மின்கம்பிகளும் வேறு வாரியங்களுக்கு உரியவை. பயணி இவர்கள் அனைவரின் எல்லைகளையும் பத்து நிமிடங்களில் கடந்துவிடுகின்றார். இவற்றை ஒருங்கிணைக்கும் நோக்கில் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010 இல் இயற்றப்பட்டது. அக்குழுமத்தின் முதல் கூட்டம் நடைபெற்றது 2022 நவம்பரில் ஆகும்.

இப்பிரிவினையின் விளைவு கிளாம்பாக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளுக்காகக் கட்டப்பட்ட புதிய முனையம் அங்கே 30 திசம்பர் 2023 அன்று திறக்கப்பட்டது. புறநகர்த் தொடருந்துப் பாதை பெருஞ்சாலைக்கு மறுபுறம், நடந்து செல்லும் தொலைவிலேயே ஓடுகின்றது. ஆயினும் முனையம் திறக்கப்பட்ட நாளில் அங்கு தொடருந்து நிலையம் இருக்கவில்லை. நிலையம் அமைப்பது இரயில்வேயின் பணியாகவும், சாலைக்கு மேலே இரண்டையும் இணைக்கும் நடைபாலம் அமைப்பது மாநில அரசின் பணியாகவும் தனித்தனியே பின்னர் தொடர்ந்தன. நெடுந்தொலைவுப் பேருந்தில் பெட்டிகளுடன் வந்து இறங்கியவர்கள், தொடருந்து பிடிக்க வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ மற்றொரு வண்டி ஏற வேண்டியிருந்தது.